ஆற்றுக்கு வேலைக்குப் போன கடல்காரன்

மகளின் கலியாணத்துக்காக நான் ரொறொன்ரோ போனேன் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், யேசுதாசன் என்ற மனுசனைத் தேடிப் பிடித்து, ஒரு கேள்வி கேட்டு, மறுமொழி வாங்காமல் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடு போனேன். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். கலியாணம் அடுத்த சனிக்கிழமை. இடையில் ஐந்து நாள். ஊர்காவற்றுறையில் முப்பது வருசம் பூமிசாத்திரம் படிப்பித்தவளுக்கு ஐந்து நாளில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிறகென்ன ரீச்சர்?

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அருளப்பு கப்பலில் வேலைக்குப் போனவர். கனடாவில் கப்பலை விட்டு இறங்கி, வடக்கே ஓர் ஆற்றில் வெட்டுமரம் இழுக்கும் இழுவைப் படகில் சேர்ந்தார். கூட்டாளி யேசுதாசனும் அதே படகு. இரண்டாவது வருசம் அருளப்பு அந்த ஆற்றிலேயே செத்துப்போனார். மகள் ஜெனிற்றாவுக்கு அப்போது ஒன்றரை வயது. அவர் அவளைப் படத்தில் பார்த்ததோடு சரி. யேசுதாசனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்றே வரி. "அருளப்பு குடித்திருந்தான். வெறியில் ஆற்றில் விழுந்துவிட்டான். கோயில் காணியில் நல்ல முறையாக அடக்கம் செய்தோம்."

என்னோடு இருந்த காலத்தில் அவர் கள்ளுக்கூட வாயில் வைத்ததில்லை. குளிர் நாடு, தனிமை, ஆரறிவார் என்று நானும் நம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஜெனிற்றாவைக் குடிகாரன்ர மேள் என்றார்கள். அழுதுகொண்டு வந்து என்னிடம் கேட்டாள். பன்னிரண்டு வயதில் அந்தக் கடிதத்தை நானே அவளுக்கு எடுத்துக் காட்டினேன். அதோடு அவள் தகப்பனின் பேச்சையே விட்டாள்.

திங்கட்கிழமை காலை, அஜின்கோர்ட்டில் அவளுடைய வீட்டுச் சமையலறையில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கலியாணக் கார்டைக் கையில் தந்தாள். பொன்னெழுத்து, கனத்த மட்டை. "திருமதி றெஜினாவின் ஏக புதல்வி" என்று இருந்தது. அருளப்பு என்ற பெயரை மேலும் கீழும் தேடினேன். இல்லை.

"கொப்பற்ற பேர் எங்கை பிள்ளை?"

"அம்மா, ப்ளீஸ். அது முடிஞ்ச கதை."

"காலஞ்சென்ற எண்டாவது போட்டிருக்கலாம்."

"குடிச்சுப்போட்டுச் செத்த ஆளின்ர பேரை என்ர கார்டில போடமாட்டன். படமும் வைக்கமாட்டன். டிசைட் பண்ணியாச்சு."

அவருடைய படம் என் சூட்கேசில் இரண்டு சேலைகளுக்கு நடுவில் இருந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். செத்த தகப்பனின் படத்துக்கு மாலை போட்டு மண்டப வாசலில் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அவள் அதற்கும் சம்மதிக்கவில்லை. இன்னொன்றும் செய்திருந்தாள்: மண்டபத்தில் குடிவகை கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ரொறொன்ரோவில் குடி இல்லாத கலியாணமென்றால் உப்பில்லாத கூழ் மாதிரி. மாப்பிள்ளை நிரோசனின் சித்தப்பா அந்தச் சோகத்தில் ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கை கழுவி, ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். யேசுதாசன் எப்போதோ அனுப்பிய நத்தார் வாழ்த்து மட்டையில் டோர்செட் பார்க் விலாசம் ஒன்று இருந்தது. ஜெனிற்றாவிடம் சொல்லவில்லை. கோயிலுக்குப் போறன் என்று பொய் சொன்னேன். கடவுள் மன்னிப்பார்.

இங்கே பஸ்ஸில் கொண்டக்டர் இல்லை. எங்கள் மினிபஸ் பெடியன்களைப் போல ஆளைப் பிடித்து உள்ளே தள்ள ஒருவரும் இல்லாதபடியால் ஏறுவதா இறங்குவதா என்று எனக்கே பிடிபடவில்லை. இறங்கவேண்டிய இடத்தில் பின்கதவு திறக்காமல் அப்படியே நின்றேன். பின்னால் இருந்த ஒரு கறுப்பினப் பெண், சந்தைக்கு மீன் வந்தது போல ஒரு சத்தம் போட்டாள்: "சாரதியாரே, பின்கதவு! ஒரு அம்மா நிற்கிறா!" கதவு திறந்தது. எல்லோரும் இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல்கிறார்கள். நானும் சொன்னேன். ஊரில் சொல்லியிருந்தால் ஆளுக்கு என்ன பிடித்துவிட்டது என்று பார்த்திருப்பார்கள்.

அந்த மாடிக்கட்டடத்தில் இரண்டு லிப்ட். ஒன்று பழுது. மற்றதில் ஆரோ வீடு மாறிக்கொண்டிருந்தார்கள், ஒரு மெத்தை குறுக்கே நின்றது. பதினொரு மாடி ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு குழம்பு வாசம். யேசுதாசனின் கதவைத் தட்ட, பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மன்னார்ப் பெண் ஒருத்தி.

"ஆரைத் தேடுறீங்கள் அன்ரி? யேசு அங்கிளோ? அவர் போன வருசமே மகனோட பிறம்ரனுக்குப் போட்டார். ஐயோ, ஏறியே வந்தீங்கள்? வாங்கோ, இருந்து தண்ணி குடியுங்கோ."

தேத்தண்ணியும் தந்து, இரண்டு மீன் பணிஸும் தந்து, பிறம்ரன் விலாசத்தையும் எழுதித் தந்தாள். முன்பின் தெரியாத பெண். அவள் நல்லாயிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பிறம்ரன் பயணம். வரைபடத்தில் பார்த்தால் ஒரு சாண்கூட இல்லை. போய்ச் சேர மூன்று மணித்தியாலம் எடுத்தது. கடைசி பஸ்ஸில் திசை மாறி ஏறி, ஜன்னல் இல்லாத பெரிய பெரிய பொருட்கிடங்குகள் நிற்கும் ஒரு தெருவில் இறங்கிவிட்டேன். கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு லொறிகள்தான். நடைபாதையும் இல்லை. பூமிசாத்திர ரீச்சர் வழி தவறினாள் என்று என் மாணவர்கள் அறிந்தால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

ஒரு சீக்கிய லொறிச் சாரதி வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். "அம்மா, இந்த ரோட்டில் நடந்து போகிற முதல் ஆள் நீங்கள்தான். எங்கே போகவேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விலாசத்தைக் காட்டினேன். சேலையோடு லொறியில் ஏற முடியாமல் நான் பட்ட பாடு தனிக்கதை. அவர் மறுபக்கம் திரும்பி நின்று நான் ஏறி முடியும் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தாய் வளர்த்த பிள்ளை.

யேசுதாசனே கதவைத் திறந்தார். எழுபது வயது, தலை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் ஒரு கை கதவிலேயே நின்றுவிட்டது.

"றெஜினா ரீச்சர்?"

"ஓம் யேசு அண்ணை. உள்ளுக்க வரலாமோ, இல்லாட்டி இப்பிடியே நிக்கவோ?"

மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டுத் தந்தார். சாப்பிட்டுக்கொண்டே, படகில வேலை எப்பிடி என்று சும்மா கேட்டேன். அவ்வளவுதான், ஆள் திறந்துகொண்டார்.

"மாரியில காட்டுக்குள்ள மரம் வெட்டி, உறைஞ்ச ஆத்துக்கு மேல அடுக்கிப்போடுவாங்கள் ரீச்சர். வசந்தத்தில பனி உருக, எல்லாம் ஒண்டா வெளிக்கிடும். ஆத்தில தண்ணி தெரியாது. கரைக்குக் கரை மரம். ஒவ்வொண்டின்ர வெட்டு முகத்திலயும் கொம்பனிக் குறி, சுத்தியலால அடிச்சிருக்கும். எங்கட ஆக்கள் மாட்டுக்குக் குறி சுடுறேல்லையே, அதே கதைதான்."

நீண்ட மரங்களைச் சங்கிலியால் நுனிக்கு நுனி தொடுத்து ஒரு வேலி. அந்த வேலிக்குள் ஆயிரக்கணக்கான மரம். அந்தப் பெரிய வளையத்தை இழுத்துக்கொண்டு முன்னால் ஒரு குட்டிப் படகு. இதுதான் அவர்களுடைய வேலை.

"என்ன வேகம்?"

"வேகமோ? மணித்தியாலத்துக்கு ஒரு மைல் போனால் கப்டன் பாட்டுப் பாடுவான். கரையில போற நாய் எங்களை முந்திப்போட்டு, திரும்பிப் பாத்துக்கொண்டு நிக்கும்."

கப்டன் ஒரு பிரெஞ்சுக் கிழவர். சாப்பாடு விடிய அவரைக்கொட்டையும் பன்றி இறைச்சியும், மத்தியானம் அதே அவரைக்கொட்டை, பின்னேரம் அப்பத்துக்கு மேல் மேப்பிள் மரப்பாணி. ஒரு மாதத்தில் அருளப்புவுக்கு நாக்கு செத்துவிட்டதாம். எங்கேயோ மிளகாய் எடுத்து, உப்புப் போட்டு இடித்துச் சம்பல் செய்திருக்கிறார். படகுச் சமையல்காரன் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, ஆற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தானாம். நான் சிரித்துவிட்டேன். முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு என் மனுசனைப்பற்றி ஒரு புதுக் கதை கேட்கிறேன். சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது.

"மிதக்கிற மரத்துக்கு மேல ஓடவேணும். அடியில ஆணி வைச்ச சப்பாத்துத் தருவாங்கள். உவன் போடமாட்டன் எண்டிட்டான். வெறுங்கால்! வத்தையில பிறந்து வளந்தவன்தானே. அந்தக் குளிரில வெறுங்காலோட மரத்துக்கு மரம் பாயுறதைப் பாத்துக் கப்டன் சிலுவை போட்டுக் கும்பிட்டான். பேந்து காலில விரல் வெடிச்ச பிறகுதான் சப்பாத்து. நீட்டுத் தடியில கொக்கி. மரம் சிக்கினால் அதால தள்ளி விடவேணும். சிக்கினதுக்குள்ள எந்த மரம் முதல் மரம் எண்டு பாத்து அதை எடுத்தால் மற்றதெல்லாம் தன்பாட்டில போகும். அதைக் கண்டுபிடிக்கிறதில உவனை மிஞ்ச ஆளில்லை."

வத்தை என்றால் எங்கள் தீவுப்பக்கத்துச் சரக்குத் தோணி. அதை ஓட்டும் தலைவனைத் தண்டையல் என்போம். அருளப்புவின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தண்டையல்மார்தான்.

"மூண்டு வருசம் அந்தப் படகில நிண்டன்," என்றார் யேசுதாசன். "நல்ல கப்டன். ஆனா கண்டிப்பு. படகில ஒரு துளி குடி இருக்கக்கூடாது. போத்தலைக் கண்டான் எண்டால், ஆளையும் போத்தலையும் சேர்த்துக் கரையில இறக்கிப்போட்டுப் போயிடுவான்."

நான் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அப்ப அருளப்புவுக்கு எங்கால குடி வந்தது?"

மனுசனின் முகம் வெளிறியது. முப்பது வருசம் வகுப்பில் பொய் பிடித்த கண் என்னுடையது. எழும்பினார். கேத்திலை அடுப்பில் வைத்தார். வைத்த கேத்திலை ஏன் வைத்தோம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது பழைய கதை ரீச்சர். நான்தான் எழுதினனே."

"எழுதினதை வாசிச்சனான். இப்ப வாயால சொல்லுங்கோ."

"மருமகள் வாற நேரமாச்சுது," என்றார். வாசல் கதவைத் திறந்து பிடித்தார்.

புதன்கிழமை ஐந்து தரம் போன் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. வீட்டில் பலகாரச் சூடு. பயற்றம் பணியாரம் பொரித்துக்கொண்டிருக்கும்போது நிரோசனின் சித்தப்பா நேரே வந்துவிட்டார். "பிள்ளை, ஒரு மேசையில மட்டும் வைப்பம், ஒருத்தருக்கும் தெரியாது" என்று கெஞ்சினார். ஜெனிற்றா எண்ணெய்க் கரண்டியோடு திரும்பினாள். அவர் பணியாரம் இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். இருபத்தெட்டு வயது அருளப்பு, வெள்ளைச் சேட், சிரிப்பு.

"இவரைப் பாத்தால் குடிகாரன் மாதிரியே இருக்கு?"

அவள் பார்க்கவில்லை. "அம்மா, நான் வளந்தது அந்தப் பேரோட. நீங்கள் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் அவளில் வந்த கோபம் முழுவதையும் கொண்டுபோய் யேசுதாசனின் தலையில் கொட்டுவதென்று முடிவெடுத்தேன்.

வியாழக்கிழமை விடியவே வெளிக்கிட்டேன். இந்த முறை ஒரு பஸ்கூட மாறி ஏறவில்லை. ரயிலில் எனக்கு எதிரே இரண்டு சீனக் கிழவிகள் ஒரு தோடம்பழத்தை உரித்து, சொல்லாமல் கொள்ளாமல் எனக்கும் நாலு சுளை நீட்டினார்கள். ஒருத்தி மற்றவளிடம் ஏதோ சொல்ல, பக்கத்திலிருந்த பெட்டை சிரித்துக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தாள்: "இந்த அம்மா சண்டைக்குப் போகிறா, வயிறு நிறைந்திருக்கவேண்டும் என்கிறா பாட்டி." முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

பிறம்ரனில் மணியை அடித்தேன். திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. படியில் குந்தினேன். மே மாதம் என்று பெயர், காற்று ஊசி ஊசியாகக் குத்தியது. அரை மணித்தியாலம் இருந்திருப்பேன். கதவு திறந்தது.

"ரீச்சர், விசர் வேலை பாக்காதேங்கோ. விறைச்சுப் போவீங்கள்."

"விறைச்சால் விறைக்கட்டும். கடிதத்தில மூண்டு வரி எழுதி விடுங்கோ."

அவர் ஜக்கெற்றை எடுத்தார். "வீட்டுக்குள்ள என்னால ஏலாது. தண்ணிக்குக் கிட்டப் போவம்."

தானே கார் ஓட்டி நகரத்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார். அந்த ஏரியைக் கண்டதும் நான் கடல் என்றே நினைத்தேன். மறுகரை தெரியவில்லை, அலை அடிக்கிறது. ஆனால் உப்பு வாசம் இல்லை. வாசமில்லாத அவ்வளவு தண்ணீரைப் பார்க்க எனக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை. கரையில் பழைய இழுவைப் படகு ஒன்று கட்டியிருந்தது, கட்டை குட்டையாக, பெரிய மூக்கோடு. யேசுதாசன் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"மரம் கன நாள் தண்ணியில கிடந்தால் ஊறும் ரீச்சர். ஒரு பக்கம் பாரமேறி அடியில தாண்டு நிலத்தில முட்டும். மற்றப் பக்கம் தண்ணிக்கு மேல ஒரு முழம் நீட்டிக்கொண்டு நிக்கும். பாத்தால் ஆரோ நட்டுவிட்ட தடி மாதிரியே இருக்கும். ஆனா ஒருத்தரும் நட்டதில்லை. சும்மா நிக்குது. தண்ணி கூடினால் எழும்பிப் போயிடும்."

"சரி."

"எங்கட பரவைக் கடலில தண்ணிக்கு மேல ஒரு தடி நிண்டால் என்ன அர்த்தம்?"

இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எங்கள் தீவுகளைச் சுற்றிய கடல் இடுப்பளவு. வலை கட்டத் தடி நட்டிருப்பார்கள். தடி நின்றால் அது மனுசன் இறுக்கி நட்ட தறி. அதில் தோணியைக் கட்டிவிட்டு நித்திரையே கொள்ளலாம். காலாகாலமாக அப்படித்தான்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன்.

"மத்தியான நேரம். வேலியில ஒரு சங்கிலி அறுந்துபோச்சு. கப்டன் எங்கள் ரெண்டு பேரையும் சின்னப் படகில அனுப்பினான். நான் கரையில இறங்கிச் சங்கிலி எடுக்கப் போனன். அவன் படகோட நிக்கவேணும். சுத்திப் பாத்தான். ஒரு தடி தெரிஞ்சுது. கயித்தைப் போட்டுக் கட்டினான். கட்டிப்போட்டு, தொப்பியை முகத்தில கவிட்டுக்கொண்டு சரிஞ்சிட்டான். மேல அணையைத் திறந்தவங்கள். மரம் எழும்பிச்சுது. சத்தமே இல்லை ரீச்சர். படகையும் கூட்டிக்கொண்டு போகுது, அவன் நித்திரை."

அவர் கட்டியிருந்த படகின் கயிற்றைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் வந்து பாத்தால் படகு தூரத்தில போகுது. கத்தினன். எழும்பினான். முடிச்சு இறுகிப்போச்சு, அவிழேல்லை. கத்தியை எடுத்து அறுக்கிறான், மரம் பாறையில முட்டிப் பிரண்டு கீழ தாண்டுது. படகின்ர மூக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போச்சுது."

"நீந்தத் தெரிஞ்ச மனுசன்."

"பனி உருகின தண்ணி. அந்தக் குளிரில எந்த நீச்சலும் சரிவராது."

ஏரியில் ஒரு வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு போனது. நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப குடி?"

"குடி இல்லை. ஒரு நாளும் இல்லை."

"பிறகேன் அப்பிடி எழுதினனீங்கள்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் கடல் கடந்து வந்தேன். பயத்தில எழுதினன் என்பார், கொம்பனி எழுதச் சொன்னது என்பார் என்று என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன். அவர் சொன்னது இது.

"கடல்காரன் வெறியில விழுந்து செத்தால் ஊரில ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம். நாலு நாள் கதைப்பினம், அவ்வளவுதான். ஆனா தண்டையல் வீட்டுப் பிள்ளை, மிதக்கிற மரத்தைத் தறியெண்டு நினைச்சுத் தோணி கட்டினவன் எண்டு எழுதினால்? சிரிப்பாங்கள் ரீச்சர். கடற்கரையில கூத்துக்கட்டிச் சிரிப்பாங்கள். அவன்ர தேப்பன் தண்டையல் அப்ப உயிரோட இருந்தவர். நான் அவன்ர மானத்தைக் காப்பாத்தினன் எண்டுதான் நினைச்சன்."

கன்னத்தைப் பொத்தி ஒன்று விடத்தான் கை எழும்பியது. பதிலாகச் சிரிப்பு வந்தது. அதன் பின்னால் அழுகை. கரையோரம் நடந்து போனவர்கள் ஒதுங்கிப் போகும் அளவுக்கு அழுதேன். கோதாரி பிடிச்ச கடல்காரர்! குடிகாரன் என்ற பெயர் பெருமை, தோணி கட்டத் தெரியாதவன் என்ற பெயர் கேவலம். இந்தக் கணக்கில் என் பிள்ளை பன்னிரண்டு வயதிலிருந்து தலை குனிந்து திரிந்திருக்கிறாள்.

"நாளைக்கு வீட்டை வந்து இதை ஜெனிற்றாவுக்குச் சொல்லும்." கோபத்தில் நீங்கள் போய் நீர் வந்துவிட்டது.

"ரீச்சர், அவன்ர பேர்..."

"அவற்ற பேரைப்பற்றி நீர் கதையாதையும். வாறன் எண்டு சொல்லும், இல்லாட்டி நான் இந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன். கலியாணம் நான் இல்லாமல் நடக்கட்டும்."

வந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம், சவரம் செய்து, கோயிலுக்குப் போகும் கோட் போட்டுக்கொண்டு வந்தார். சமையலறை மேசையில் ஜெனிற்றாவும் நிரோசனும் இருக்க, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. கடிதத்தை ஏன் அப்படி எழுதினார் என்பதையும் ஒன்றும் விடாமல் சொன்னார்.

ஜெனிற்றா மெதுவாகத்தான் தொடங்கினாள்.

"அங்கிள், இந்த நிரோசன் ஒவ்வொரு நாளும் வேலையால வரேக்கை கதவடியில வைச்சு வாயை மணந்து பாக்கிறனான். ரெண்டு வருசமா. இவர் ஒண்டும் சொல்லுறேல்லை, வாயைத் திறந்து காட்டுவார். ஏனெண்டு தெரியுமே உங்களுக்கு?"

யேசுதாசன் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை."

"இப்ப ஏலாது," என்றாள். "பேந்து பாப்பம்."

நிரோசன் அவளுடைய கையைப் பிடித்தான். பகிடிக்காரப் பெடியன், நேரம் பார்த்து ஒரு கேள்வி போட்டான். "அப்ப ஜெனி, மாமா குடிகாரன் இல்லையெண்டால், சித்தப்பாவுக்கு ஒரு மேசை விடலாமே?"

"சீரியஸா கேக்கிறீங்களே? அப்பா குடிக்காத ஆள். அவற்ற மேளின்ர கலியாணத்தில குடியோ? வாய்ப்பேயில்லை."

அப்பா. அவளுடைய வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனை வருசம். சித்தப்பாவுக்கு இரண்டு பக்கமும் அடி என்று நிரோசன் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போட எழும்பினேன். முதுகுப் பக்கமாக அவளுடைய அடுத்த கேள்வி வந்தது.

"அம்மா, அங்கிளுக்கு ஒரு விசர்க் காரணமாவது இருந்தது. அப்பா குடிக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். பிறகு நீங்கள் ஏன் நம்பினீங்கள்?"

மற்றவர்களுக்குப் பரீட்சை வைத்தே பழகியவள் நான். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல வாய் எடுத்தேன். பிறகு திரும்பினேன்.

"எனக்கு அப்ப இருபத்தாறு வயசு, பிள்ளை. கையில நீ. வெளியில சண்டை, செல்லடி. அவர் ஒரு குற்றமும் செய்யாமல் செத்துப்போனார் எண்டால் நான் ஆரிலை கோவப்படுறது? கடிதத்தில ஒரு குற்றம் எழுதியிருந்தது. அதைப் பிடிச்சுக்கொண்டன். அவரில கோவமா இருந்தால் எழும்பி வேலைக்குப் போகலாம் போல இருந்தது. அதை உனக்கும் தந்திட்டன்."

அவள் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். யேசுதாசன் சத்தமில்லாமல் கோட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை மண்டப வாசலில் அருளப்பு மாலையோடு இருந்தார். கார்டில் பெயர் இல்லாத குறையை ஒலிவாங்கி பிடித்தவர் தீர்த்துவைத்தார். "ஊர்காவற்றுறையைச் சேர்ந்த காலஞ்சென்ற அருளப்பு" என்று மூன்று தரம் முழங்கினார். மூன்றாவது தரம் தேவையில்லைத்தான், ஆனால் மூன்று தரம் சொல்லவேண்டும் என்று ஜெனிற்றா போய்ச் சொல்லிவிட்டு வந்தாளாம். யேசுதாசன் பின்மேசையில் மகனோடு இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டார். சித்தப்பா தோடம்பழச் சாறு குடித்துவிட்டு, எல்லோரையும் விட நன்றாக ஆடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போன் எடுத்தேன். அருளப்புவின் தமையன் அங்கே இருக்கிறார், எண்பது வயது, கடைசித் தண்டையல். தம்பி குடித்துச் செத்தவன் என்று சொல்லிச் சொல்லியே நொந்துபோன மனுசன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, ஆற்றையும் மரத்தையும் முடிச்சையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"மிதக்கிற மரத்திலயோ கட்டினவன்?" என்று கேட்டார்.

"ஓம் அத்தான்."

"தறியெண்டு நினைச்சோ?"

"ஓம்."

பக்கத்தில் ஆரும் கேட்டுவிடுவார்களோ என்ற மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"றெஜினா, நான் சொல்லுறதைக் கேள். அவன் குடிச்சுச் செத்தவன் எண்டே இருக்கட்டும். உந்தக் கதையை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

போனை வைத்துவிட்டு, ஜெனிற்றாவிடம் ஒரு கொப்பி வாங்கி, இதை எழுத இருந்தேன். என் கணவரின் முழுப்பெயர் சவிரிமுத்து அருளப்பு. சொந்த ஊர் ஊர்காவற்றுறை, தண்டையல் குடும்பம். அவர் குடிக்கவில்லை. பிழையான மரத்தில் தோணியைக் கட்டினார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.